மின்சார சபையை விற்றால் கரண்ட் பில் குறையுமா?

வவுனியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். சுருக்கினால் கேள்வி இதுதான்: "இலங்கை மின்சார சபையைத் தனியாருக்குக் கொடுத்தால் பில் குறையும், நட்டம் நிற்கும் என்று ஒரு பகுதி சொல்கிறது. கொடுத்தால் ஏழை இருட்டில் கிடக்க வேண்டியதுதான் என்று இன்னொரு பகுதி சொல்கிறது. எதை நம்புவது? என் அண்ணன் சபையில் மீற்றர் வாசிப்பவர். சுயவிருப்ப ஓய்வை எடுக்கச் சொல்லலாமா?"

அண்ணன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு பில்லை எடுத்து மேசையில் வைப்போம்.

மாதம் 30 யூனிட் செலவழிக்கிற வீடு. மூன்று நான்கு பல்ப், ஒரு டிவி, ஒரு ஃபான், ஃபோன் சார்ஜர். 2022 ஆகஸ்டுக்கு முன் அந்த வீட்டுக்கு யூனிட் 2 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபாய். மொத்தம் 105 ரூபாய். 2022 ஆகஸ்டில் யூனிட் 8 ரூபாய், நிலையான கட்டணம் 120, மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் யூனிட் 30 ரூபாய், நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,300 ரூபாய். ஆறே மாதத்தில் பன்னிரண்டு மடங்கு. அந்த ஆறு மாதமும் சபையின் சொந்தக்காரர் அரசாங்கம்தான். தனியார்மயம் வந்தால் ஏழை வீட்டு பில் எகிறும் என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

என்ன நடந்தது? 2014 இல், தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன், கட்டணத்தை 25 வீதம் குறைத்தார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய எட்டு வருடம் யாரும் அதில் கை வைக்கவில்லை. டொலர் 130 ரூபாயிலிருந்து 200க்கு வந்தது. நிலக்கரியும் எண்ணெயும் டொலரில் வாங்குகிற சாமான். பில் மட்டும் அசையவில்லை. மீதியை யார் கட்டினார்கள் என்றால், சபை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குக் கடன் சொன்னது, கூட்டுத்தாபனம் அரச வங்கிகளுக்குக் கடன் சொன்னது, வங்கிகள் திறைசேரியைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஊர்க்கடையில் கொப்பி போட்டு எழுதுகிற கதைதான், தொகை மட்டும் பெரிது. 2022 இல் டொலர் 360 ஐத் தொட்டதும் கொப்பி கிழிந்தது. மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு.

பிறகு நல்ல மழை பெய்தது, ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்தது, சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைப்படி செலவுக்கு ஏற்ற கட்டணம் வந்தது. 2023 இலும் 2024 இலும் சபை இலாபம் காட்டியது. கட்டணம் 2024 மார்ச்சில் கிட்டத்தட்ட 22 வீதம் இறங்கியது, ஜூலையில் 22.5 வீதம், 2025 ஜனவரியில் 20 வீதம். 2025 ஜூனில் திரும்ப 15 வீதம் ஏறியது. ஒரே சபை, அதே எஞ்சினியர்மார், அதே யூனியன். நட்டம் காட்டியதும் அவர்கள்தான், இலாபம் காட்டியதும் அவர்கள்தான். மழை, டொலர், எரிபொருள், இந்த மூன்றுக்கும் சபையின் பெயர்ப்பலகையில் யார் பெயர் இருக்கிறது என்பது தெரியாது.

சரி, விற்பது என்றால் எதை விற்பது? மின்சார சபை ஒரு கடை அல்ல, மூன்று கடை. கரண்டை உண்டாக்குவது ஒன்று, பெரிய கோபுரங்கள் வழியே அனுப்புவது ஒன்று, தெருக் கம்பியிலிருந்து வீட்டுக்குக் கொடுத்துக் காசு வாங்குவது ஒன்று. இந்த வாதத்தில் இரண்டு பக்கமும் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டுத்தான் சண்டை பிடிக்கிறது.

முதல் கடையில் தனியார் வந்து முப்பது வருடமாகப் போகிறது. 1996 இல் மழை பொய்த்தது. அப்போது நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணைகளிலிருந்து வந்தது. விக்டோரியாவிலும் கொத்மலையிலும் நீர்மட்டம் இறங்க இறங்க, நாளுக்கு மணிக்கணக்கில் மின்வெட்டு. அந்தப் பயத்தில்தான் தனியார் எண்ணெய் மின்நிலையங்களுக்குக் கதவு அகலத் திறந்தது. பயத்தில் எழுதுகிற ஒப்பந்தம் எப்படி இருக்கும்? கலியாண வீட்டுக்கு முதல்நாள் இரவு வான் பிடிக்கப் போனவனுடைய பேரம் மாதிரி இருக்கும். வான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள் வாடகை, டீசல் உங்கள் கணக்கு, டொலர் ஏறினால் வாடகையும் ஏறும். தனியார் எண்ணெய் மின்நிலையங்களோடு எழுதப்பட்ட ஒப்பந்தங்களின் அடிப்படை இதுதான். நிலையம் தயார் நிலையில் நிற்பதற்கே ஒரு கட்டணம், எரிபொருள் விலை அப்படியே சபையின் தலையில். முதலாளி தனியார், ஆபத்து பொதுமக்களுடையது. இதைத் தனியார்மயம் என்று சொல்வது தனியார்மயத்துக்கே அவமானம் என்பது என் கட்சி.

கெரவலப்பிட்டியில் நிற்கும் 300 மெகாவாட் யுகதனவி நிலையத்தைப் பாருங்கள். எரிவாயு வரும் என்று நம்பிக் கட்டினார்கள். 2010 இல் முழுதாக இயங்கத் தொடங்கியது. எரிவாயு வரவில்லை, எண்ணெயில்தான் ஓடியது. 2021 செப்டெம்பரில், அந்த நிலையத்தை வைத்திருக்கும் கம்பனியில் அரசுக்கு இருந்த 40 வீதப் பங்கை நியூ ஃபோர்ட்ரெஸ் எனர்ஜி என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். கையெழுத்தானது நள்ளிரவில் என்று நாடே பேசியது, யூனியன்கள் தெருவுக்கு வந்தன, கடைசியில் அது நிறைவேறவில்லை. எரிவாயு தேவையா என்றால் தேவைதான் என்று பல எஞ்சினியர்மாரே சொன்னார்கள். டென்டர் இல்லாமல் ஏன் என்பதுதான் அவர்கள் கேட்டது.

யாழ்ப்பாணத்தவருக்குத் தனியார் மின்சாரம் இன்னும் நெருக்கமாகத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே கரண்ட்டே இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மூடியில் துளையிட்டுத் திரி செருகிய விளக்கில் படித்தோம். செய்தி கேட்க வேண்டுமானால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவன் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர். சுற்றுகிறவனுக்குக் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். பிறகு சுன்னாகத்தில் தனியார் நிறுவனமொன்றின் எண்ணெய் நிலையம் ஓடியது. வெளிச்சம் வந்தது உண்மை. கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகள் பாழானதும் உண்மை; 2019 இல் உயர் நீதிமன்றம் அந்த நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. கிணற்றை நம்பி வாழ்கிற குடாநாட்டில் 2 கோடி எந்த மூலைக்கு?

இப்போது மூன்றாவது கடை, விநியோகம். தனியாரால் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடிகிற இடம் உலகம் முழுக்க இதுதான். ஏனென்றால் கரண்ட் களவு போவதும், பில் வசூலாகாமல் போவதும் இங்கேதான். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: பிழிவதற்குச் சாறு இருக்கவேண்டும்.

ஜோர்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் சாறு நிறைய இருந்தது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு அங்கே பெரும்பாலானோர் பில்லே கட்டவில்லை. பல வீடுகள் நேரடியாகக் கம்பியில் கொக்கி போட்டிருந்தன. 1998 இன் கடைசியில் ஏஇஎஸ் என்ற அமெரிக்க நிறுவனம் நகரின் விநியோகக் கம்பனியான தெலாசியின் 75 வீதத்தை 25 மில்லியன் டொலருக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது. வீட்டுக்கு வீடு மீற்றர் போட்டார்கள், கட்டாதவர்களின் இணைப்பை வெட்டினார்கள். மீற்றர் வந்த வீட்டுக்குக் கரண்ட் ஒழுங்காக வரவேண்டும் அல்லவா? சில மின்நிலையங்களைப் பிறகு வாங்கினாலும், எரிவாயுவும் பெரிய கோபுரங்களும் அவர்கள் கையில் இல்லை. கட்டியவனும் கட்டாதவனும் ஒரே இருட்டில். பெரும் நட்டப்பட்டு 2003 இல் ரஷ்ய அரசு மின் நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டுப் போனார்கள். தனியாருக்குக் கொடுத்தோம் என்று நினைத்தவர்களின் கம்பனி, அயல்நாட்டு அரசின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜமைக்காவில் 2001 இல் அரச மின் கம்பனியின் 80 வீதத்தைத் தனியாருக்கு விற்றார்கள். கால் நூற்றாண்டாகப் போகிறது, உற்பத்தியாகும் கரண்டில் கால் பங்குக்கு மேல் இன்னும் களவிலும் கம்பி இழப்பிலும் போகிறது. அனுமதிப்பத்திரம் 2027 இல் முடிகிறது; அதே நிபந்தனையில் புதுப்பிக்க மாட்டோம் என்று அரசு சொல்லிவிட்டது.

இலங்கையில் கம்பியில் தொலைவது, பெரிய கோபுரத்திலிருந்து வீடு வரை எல்லாம் சேர்த்து, 10 வீதத்துக்கும் கீழ். இந்தப் பிராந்தியத்தில் இது நல்ல எண். வீட்டுக்காரர்கள் பில் கட்டுகிறார்கள். சிவப்பு அறிவித்தல் வந்தால் அடுத்தநாள் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே தனியார் வந்து திறமையால் மிச்சம் பிடித்து பில்லைக் குறைப்பார்கள் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. பிழிய மிஞ்சியிருப்பது சம்பளப் பட்டியலும் கொள்முதலும். அவற்றில் கொழுப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் எரிபொருள் செலவோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.

இதில் நம் நாட்டிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. லெக்கோ என்கிற லங்கா மின்சாரக் கம்பனி. ஒருகாலத்தில் நீர்கொழும்பிலிருந்து காலி வரை கரையோர நகரங்களில் கரண்ட் விற்றவை நகரசபைகள். மின்சார சபையிடம் மொத்தமாக வாங்குவார்கள், தெருவுக்குக் கொடுப்பார்கள், மின்சார சபைக்குக் காசு கொடுக்க மறப்பார்கள். கம்பிகள் கிழடு, கொக்கி தாராளம். 1983 இல் இதற்கென்று லெக்கோவைப் பதிவு செய்து நகரம் நகரமாக அதன் கையில் கொடுத்தார்கள். பங்குகள் பெரும்பாலும் மின்சார சபையிடமும் திறைசேரியிடமும், ஆனால் ஓடுவது கம்பனிச் சட்டத்தின் கீழ். வெறும் கம்பி போன இடத்தில் ஒன்றோடொன்று முறுக்கிய காப்புக் கம்பி போட்டார்கள், அதில் கொக்கி மாட்ட முடியாது. இன்று அவர்களுடைய இழப்பு 5 வீதத்துக்கும் கீழ். ஒரு பங்கையும் தனியாருக்கு விற்காமல் நடந்த காரியம் இது. நெருக்கமாக வீடுகள் நிறைந்த, வசதியான கரையோரம் என்பதால் வேலை இலகு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முல்லைத்தீவில் அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது.

அங்கேதான் வடக்கு மக்களுக்கு முக்கியமான ஒரு விஷயம் வருகிறது. சபையின் விநியோகம் நான்கு பிரிவாக இருந்தது. முதலாம் பிரிவில் கொழும்பு மாநகரமும், வடக்கு, வடமத்திய, வடமேல் மாகாணங்களும். கொழும்பையும் கிளிநொச்சியையும் ஒரே பிரிவில் போட்டதைப் பார்த்து வரைபடம் தெரியாதவன் வேலை என்று நினைக்கவேண்டாம். கொழும்பில் ஒரு கிலோமீற்றர் கம்பிக்குக் கீழே ஹோட்டல், வங்கி, மாடிக்கட்டிடம். மாந்தையில் அதே ஒரு கிலோமீற்றருக்கு நான்கு வீடும் ஒரு கோவிலும். கொழும்பின் வருமானம் மாந்தையின் கம்பியைத் தாங்குகிறது. நெடுந்தீவு இன்னும் கடினம். அங்கே பிரதான வலையமைப்பே இல்லை, டீசல் ஜெனரேற்றரில் ஓடிய ஊர். நாளை பிரித்து விற்பதானால் கொழும்பை வாங்க வரிசை நிற்கும். மாந்தையை வாங்க அரசு காசு கொடுத்துக் கெஞ்சவேண்டும். விற்பனை என்று யாராவது பேச்செடுத்தால் நான் முதலில் பார்ப்பது எந்த ஊரை எந்த ஊரோடு சேர்த்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

சின்ன நாட்டுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலைச் சொல்லியாகவேண்டும். பெலீசு என்று மத்திய அமெரிக்காவில் ஒரு நாடு, மொத்தச் சனத்தொகை நம்முடைய ஒரு மாவட்டம் அளவு. 1999 இல் அந்த நாட்டு மின் கம்பனியின் பெரும்பான்மைப் பங்கைக் கனடாவின் ஃபோர்ட்டிஸ் வாங்கியது. அந்தக் கம்பனிக்குக் கரண்ட் விற்கிற நீர்மின் நிலையங்களும் ஃபோர்ட்டிசுடையவை. விற்பவரும் அவர், வாங்குபவரும் அவர், பில் மட்டும் மக்களுடையது. 2008 இல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கட்டணத்தைக் குறை என்றது. கம்பனி நீதிமன்றம் போனது. 2011 இல் மெக்சிக்கோவிடம் வாங்கும் கரண்டுக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை என்று கம்பனி கையை விரித்தது. நாடு இருளப்போகிறது என்று சொல்லி ஜூனில் அரசு அதைத் தேசியமயமாக்கியது. அத்தோடு முடிந்ததா? வழக்கு நடந்து, 2015 இல் 35 மில்லியன் டொலரும் மூன்றில் ஒரு பங்கு உரிமையும் ஃபோர்ட்டிசுக்குக் கொடுத்துத் தீர்த்தார்கள்.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், பெரிய நாட்டில் ஒரு கம்பனி சரியில்லை என்றால் பக்கத்து மாநிலத்துக் கம்பனியை வைத்து மிரட்டலாம். தீவில் அது முடியாது. இந்தியாவோடு நமக்கு இன்னும் கம்பித் தொடர்பு இல்லை. வாங்குபவர் ஒருவர், பெரிதாக விற்பவர் சில பேர், நடுவில் நிற்பது ஒரு ஆணைக்குழு. அந்த ஆணைக்குழுவுக்கு முதுகெலும்பு இல்லையென்றால் ஒப்பந்தத்தை எழுதியவர் வைத்ததுதான் சட்டம்.

நமது ஆணைக்குழுவுக்கு என்ன ஆனது? 2023 பெப்ரவரி கட்டண உயர்வைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் ஜானக ரத்நாயக்க வெளிப்படையாக எதிர்த்தார். அந்த மே மாதம் பாராளுமன்றம் வாக்கெடுத்து அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் சொன்னது சரியா பிழையா என்பது வேறு விவாதம்; கணக்குப்படி உயர்வு தவிர்க்க முடியாதது என்றே நான் நினைத்தேன். ஆனால் இதைப் பார்க்கிற முதலீட்டாளன் என்ன நினைப்பான்? நடுவரை ஆட்டத்தின் நடுவில் தூக்குகிற மைதானம் இது, எனக்கு நடுவர் வேண்டாம், திறைசேரியின் உத்தரவாதக் கடிதம் கொடு என்பான். அந்தக் கடிதத்தின் விலையும் பில்லில்தான் வந்து விழும்.

போட்டி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மன்னார் காற்றே சாட்சி. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைக்கு அதானி நிறுவனத்தோடு 2024 இல் ஒத்துக்கொண்ட விலை யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 வருடத்துக்கு. திறந்த போட்டி இல்லை. அதே மன்னாரில் டென்டர் போட்ட 50 மெகாவாட் திட்டத்துக்கு வந்த விலை 5 சதத்துக்கும் கீழ். அளவு வேறு, நிபந்தனை வேறு என்பவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். விலையைத் திரும்பப் பேசவேண்டும் என்று புதிய அரசு சொன்னதும் 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. இரண்டு பக்கமும் தனியார்தான். விலையை இறக்கியது டென்டர்.

நடுக் கடை, அதாவது பெரிய கோபுரங்களும் அவற்றைக் கட்டுப்படுத்தும் அறையும், விற்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. உலகம் சிரித்தது. குரங்கு எந்த நாட்டிலும் பாயும். அன்று வெயில், விடுமுறை, பாவனை குறைவு; கூரைச் சூரிய மின்சாரம் நிறைய, கனமாகச் சுழலுகிற பெரிய எந்திரங்கள் கொஞ்சம். அப்படியான நேரத்தில் சின்ன அடி விழுந்தாலும் முழு வலையமைப்பும் ஆடிவிடும். அதற்குத் தடுப்பாகச் சில நிலையங்களைச் சும்மா சுழலவிட்டு வைக்கவேண்டும். சும்மா சுழலுவதில் யாருக்கும் இலாபம் இல்லை, ஆகவே அதைச் செய்யச் சொல்கிற கை எந்த நிலையத்துக்கும் சொந்தமில்லாத கையாக இருக்கவேண்டும்.

சபையைக் கம்பனிகளாகப் பிரிக்கிற யோசனையே புதிதல்ல. 2002 இல் ஒரு சட்டம் நிறைவேறி அமுலுக்கு வராமலே செத்தது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் பிரித்துத் தனியாருக்கும் இடம் விட்டது. 2025 திருத்தம் பிரிப்பதை வைத்துக்கொண்டு பங்குகளை அரசிடமே நிறுத்தியது. யூனியன்கள் இரண்டையும் எதிர்த்தன. அவர்கள் பயம் எல்லாம் சுயநலம் என்று தள்ளுவது நியாயமில்லை. ஓய்வூதிய நிதி யார் கணக்கில், பழைய கடன் எந்தக் கம்பனியின் தலையில் என்பவை நியாயமான கேள்விகள். ஆனால் கணக்கு தனித்தனியாக எழுதப்பட்டால் எந்தக் கடையில் காசு ஒழுகுகிறது என்று வெளியே தெரிந்துவிடும் என்ற பயமும் சிலருக்கு உண்டு. பிரிப்பதை நான் ஆதரிப்பது அதற்காகவேதான். இதில் ஒரு வேடிக்கை: கொழும்பில் முதன்முதலில் கரண்ட் விற்றவர்களே தனியார்தான். ட்ராம் ஓட்டிய கம்பனியிடமிருந்து 1920களின் இறுதியில் அரசு வாங்கியது. நூறு வருடம் கழித்து அதே இடத்தில் நின்று கேட்கிறோம்.

சரி, அண்ணன். அவர் வீடு வீடாகப் போய் மீற்றர் பெட்டியைத் திறந்து, கைக்கருவியில் எண்ணை அடித்து, நாய்க்கும் பயந்து, அங்கேயே பில்லைக் கிழித்துக் கொடுக்கிறவர். அவருடைய வேலையைச் சாப்பிடப்போவது முதலாளி மாற்றம் அல்ல. எண்ணைத் தானே அனுப்புகிற ஸ்மார்ட் மீற்றர்களை லெக்கோ ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறது. அரச கம்பனியாகவே இருந்தாலும் பத்து வருடத்தில் வவுனியாவுக்கும் அது வரும். ஐம்பத்தைந்து தாண்டியவர், கடன் இல்லை, ஒரு கடையோ தோட்டமோ இருக்கிறது என்றால் தொகையையும் ஓய்வூதிய நிதியில் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு யோசிக்கலாம். நாற்பது வயது என்றால் எடுக்கவேண்டாம். அந்தக் காசு வீடு திருத்தவும் பிள்ளையின் செலவுக்கும் இரண்டு வருடத்தில் போய்விடும். மீற்றர் பொருத்துகிற, பழுது பார்க்கிற பயிற்சி ஏதும் கொடுக்கிறார்களா என்று அவருடைய அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். வாசிக்கிறவர் தேவைப்படாத காலத்திலும் ஏணியில் ஏறுகிறவர் தேவைப்படுவார்.